கல்லூரி உதவித்தொகை எவ்வளவு வரும்? தருமபுரி, கிருஷ்ணகிரி பிள்ளைகளுக்கான கணக்கு

"ஸ்காலர்ஷிப் எவ்வளவு வரும்?" என்று கல்லூரி அட்மிஷன் கவுன்டரில் கேட்டால் "வரும், வரும்" என்பார்கள். அதை நம்பிப் பணம் கட்டக் கூடாது. அமெரிக்கக் கல்லூரிகளில் குடும்ப வருமானத்தைப் பார்த்து, இலவசத் தொகை இவ்வளவு, கடன் இவ்வளவு என்று கல்லூரியே எழுதிக் கொடுத்துவிடும். இங்கே அப்படி ஒரு கடிதம் கிடையாது. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை ஒரு பங்கு, ஆதிதிராவிடர் நலத்துறை ஒரு பங்கு, மத்திய அரசு ஒரு பங்கு, பேங்க் ஒரு பங்கு என்று தனித்தனியாக வரும். கூட்டிப் பார்க்க வேண்டியது நாம்தான்.

கூட்டுவதற்கு முன் பணத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: கட்டணத்திலேயே கழிவது, பிள்ளையின் கணக்கில் விழுவது, பிறகு திருப்பிக் கட்ட வேண்டியது. சேர்க்கை நாளன்று உங்கள் பாக்கெட்டைக் காப்பாற்றுவது முதல் வகை மட்டுமே. இரண்டாவது வகை வர மாதங்கள் ஆகும், அதுவரை கையில் இருப்பதைத்தான் செலவழிக்க வேண்டும்.

சீட் எந்த வழியில் வந்தது?

தொகையைத் தீர்மானிப்பதில் வருமானத்தை விடப் பெரிய விஷயம் இது. ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, பக்கத்துப் பக்கத்து பெஞ்ச். ஒருவருக்கு ஒரு பைசா கட்டணம் இருக்காது, இன்னொருவர் முழுத்தொகை கட்டுவார்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. இதில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசின் பொறுப்பு. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி எல்லாம் இதில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை இலவசமாகப் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கும் இடம் உண்டு.

எல்லையோர ஊர்க்காரர்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும். அப்பா வேலைக்காக பெங்களூரு போயிருந்தபோது பிள்ளை இரண்டு வருடம் கர்நாடகத்தில் அத்திப்பள்ளியிலோ ஆனேக்கல்லிலோ அரசுப் பள்ளியில் படித்திருக்கலாம். அரசுப் பள்ளிதானே என்று நினைத்துவிடுவோம். கணக்கில் வருவது தமிழ்நாட்டு அரசுப் பள்ளி. ஆறாம் வகுப்புக்கு மேல் ஓர் ஆண்டு விடுபட்டாலும் 7.5-ஐ நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அடுத்தது முதல் பட்டதாரி சலுகை. 2010 முதல் நடைமுறையில் இருக்கிறது, வருமான வரம்பு கிடையாது. ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தால், சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணத்தில் குறையும். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு இது இல்லவே இல்லை. "எங்கள் காலேஜில் மேனேஜ்மென்ட்டுக்கும் ஃபர்ஸ்ட் கிராஜுவேட் வாங்கித் தருகிறோம்" என்று புரோக்கர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

சான்றிதழுக்கு அப்பா, அம்மா, இரு வழித் தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள் எல்லோருடைய படிப்பும் பார்க்கப்படும். யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. டிப்ளமோ பட்டம் ஆகாது. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே சலுகை. அக்கா பி.ஏ. முடித்துவிட்டால், அவள் ஒரு ரூபாய்கூட இந்தச் சலுகையில் வாங்காதிருந்தாலும், தம்பிக்கு வாய்ப்பு போய்விடும். கவுன்சலிங் விண்ணப்பத்திலேயே இதைக் குறித்து, சான்றிதழை ஏற்ற வேண்டும். ஒதுக்கீட்டு ஆணையில் வராத சலுகையைக் கல்லூரியில் போய்க் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

சாதி, வருமானம், படிப்பு: மூன்றும் சேர்ந்துதான் கணக்கு

பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் பிள்ளைகள் அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் மூன்றாண்டு இளங்கலை படித்தால் எந்த நிபந்தனையும் இல்லாமல் உதவித்தொகை உண்டு. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்றால் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. சேரும் பெண்ணுக்கு வருமானச் சான்று பெரிய பொருட்டில்லை, அதே பெண் எம்.எஸ்சி. போகும்போது அதுதான் வாசல்.

ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் வரம்பு 2.5 லட்சம். ஆதிதிராவிடர் திட்டத்தில் கட்டணம் போக, கல்விப்படி என்று ஒரு தொகை ஆண்டுதோறும் வரும். பொறியியல், மருத்துவம் போன்ற முதல் பிரிவுக்கு விடுதியில் இருந்தால் 13,500, வீட்டிலிருந்து போய் வந்தால் 7,000. சாதாரண இளங்கலைக்கு 6,000, 3,000. கட்டணத் தொகையும் மாணவர் கணக்கிலேயே விழுந்தால், அது கல்லூரிக்குச் சேர வேண்டிய பணம். வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டு பரீட்சை நேரத்தில் ஹால் டிக்கெட்டுக்குத் தவிக்கும் குடும்பங்கள் உண்டு. தகவல் வந்த அன்றே கட்டி ரசீது வாங்குங்கள்.

பழங்குடியினர் சாதிச் சான்றை வட்டாட்சியர் தர மாட்டார், கோட்டாட்சியர்தான் தருவார். சித்தேரி மலையாளிகள், அஞ்செட்டிப் பக்கத்து இருளர்கள், குருமன்ஸ் குடும்பங்கள் எல்லாம் பதினொன்றாம் வகுப்பிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது. விசாரணை, பூர்வீக ஆவணம், உறவினர் சான்று என்று இழுக்கும். ரிசல்ட் வந்த பிறகு அரூருக்கும் ஓசூருக்கும் அலைந்து பயனில்லை.

மாதம் ஆயிரம்

மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது, மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது தகுதி பெறுகிறார்கள். 7.5-க்குச் சேராத பள்ளி இங்கே சேரும், இதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. பட்டம், பட்டயம், ஐ.டி.ஐ.க்கு உண்டு, முதுகலைக்கும் அஞ்சல் வழிக்கும் இல்லை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தொடரும்.

பள்ளி விவரம் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித்துறையின் மாணவர் பதிவிலிருந்து எடுக்கப்படும். ஏழாம் வகுப்பில் பள்ளி மாறியபோது பதிவு மாறாமல் விட்டிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். படித்த பள்ளியின் தலைமை ஆசிரியரிடம்தான் அதைச் சரிசெய்ய முடியும்.

ஒன்றோடொன்று சேராதவை

பிளஸ் டூவில் தன் போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தேசிய உதவித்தொகை தளத்தில் மத்தியத் துறை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். இளங்கலைக்கு ஆண்டுக்கு 12,000. மாநில உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்குபவர் இதை வாங்க முடியாது. இரண்டிலும் விண்ணப்பித்து, இரண்டும் தள்ளுபடியாகி நிற்பதை விட, பேப்பரில் இரண்டையும் எழுதிப் பார்த்துப் பெரியதை எடுங்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் (ஏ.ஐ.சி.டி.இ.) அங்கீகாரம் பெற்ற டிப்ளமோ, பட்டப் படிப்புகளில் சேரும் பெண்களுக்குப் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000. வருமான வரம்பு 8 லட்சம், குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. தொகை பெரியது, போட்டியும் பெரியது. கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பி சீட் எடுக்காதீர்கள்.

அரசு விடுதியையும் பணமாகவே எண்ணுங்கள். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளுக்கு வருமானம் 2.5 லட்சத்துக்குள், வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். மாணவிகளுக்குத் தொலைவு விதி பொருந்தாது. தனியார் விடுதிக்குப் போகும் பணத்தோடு ஒப்பிட்டால், பல குடும்பங்களுக்கு எல்லா ஸ்காலர்ஷிப்பையும் விட இதுவே பெரிய உதவி. அப்பா கட்டுமான நல வாரியத்திலோ உழவர் பாதுகாப்புத் திட்டத்திலோ உறுப்பினர் என்றால் அதிலும் கல்வி உதவி உண்டு. அட்டை புதுப்பித்திருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள்.

வருமானச் சான்று

இ-சேவை மையத்தில் வருமானம், சாதி, முதல் பட்டதாரி மூன்றையும் ஒரே நாளில் பதியலாம். ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். விண்ணப்பத்தில் தவறு நேர்வது பெரும்பாலும் தொகையில். கூலிக்குப் போகிறவர் என்பதால் யாரோ 36,000 என்று பழக்கத்தில் போட்டுவிடுவார்கள். கல்விக் கடனுக்குப் போகும்போது "மாதம் மூவாயிரத்தில் எப்படித் திருப்பிக் கட்டுவீர்கள்?" என்று பேங்க் மேனேஜர் அதையே காட்டிக் கேட்பார். மாந்தோப்பு, தக்காளி, தறி, ஓசூர் கம்பெனி சம்பளம் எல்லாம் சேர்த்து உண்மைத் தொகையைப் போடுங்கள். வரம்பு 2.5 லட்சம் என்பது மாதம் இருபதாயிரத்துக்கும் சற்று மேல், உண்மையைச் சொன்னாலும் பெரும்பாலான குடும்பங்கள் உள்ளேயே இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே சான்றைக் கொடுங்கள். ஓர் இடத்தில் 72,000, இன்னொரு இடத்தில் 1,80,000 என்று இரண்டு சான்று சுற்றினால் வினை.

கணக்கில் பணம் விழாமல் போவது ஏன்

விண்ணப்பம் இப்போது யு.எம்.ஐ.எஸ். என்ற மாநில அரசின் கல்லூரி மாணவர் பதிவுத் தளத்தில். கல்லூரிதான் மாணவர் விவரத்தை ஏற்றி எண் தரும், சேர்ந்த முதல் மாதத்திலேயே அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஆதாரில் "சு. கவிதா", மதிப்பெண் சான்றில் "கவிதா எஸ்" என்றிருந்தால் சரிபார்ப்பு இடிக்கும். ஆதாரை மதிப்பெண் சான்றுக்கு ஏற்ப மாற்றுவதே எளிது.

அதை விடப் பெரிய சிக்கல் பேங்க் கணக்கு. பாஸ்புக் நகல் கொடுத்த கணக்குக்குப் பணம் வரும் என்று நினைப்போம். உண்மையில், ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு இணைக்கப்பட்டதோ அதில்தான் விழும். சிம் வாங்கும்போது திறந்த பேமென்ட்ஸ் பேங்க் கணக்கில் ஸ்காலர்ஷிப் உட்கார்ந்திருக்கும், வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆதார் இணையதளத்தில் 'பேங்க் சீடிங்' நிலையைப் பார்த்தால் எந்த பேங்க் என்று காட்டிவிடும். பள்ளியில் சிறுவயதில் திறந்த கணக்கென்றால் 18 வயதானதும் கே.ஒய்.சி. புதுப்பிக்க வேண்டும். முழு கே.ஒய்.சி. இல்லாத சிறு கணக்கில் இருப்பு 50,000-ஐயும், ஆண்டு வரவு ஒரு லட்சத்தையும் பொதுவாகத் தாண்ட முடியாது, பெரிய தொகை வரும்போது சிக்கலாகலாம். இரண்டு வருடம் வரவு செலவே இல்லாத கணக்கு முடங்கும். நூறு ரூபாய் போட்டு எடுத்து உயிரோடு வையுங்கள்.

ஒரு கணக்கு

பென்னாகரம் பக்கத்துப் பெண், மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு, அப்பாவுக்கு பெங்களூரில் கட்டட வேலை, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி, வீட்டில் பட்டதாரி இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

7.5-இல் பொறியியல் சீட் என்றால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் இல்லை, புதுமைப் பெண் ஆண்டுக்கு 12,000 கையில். செட்டிக்கரையிலோ பர்கூரிலோ அரசுப் பொறியியல் கல்லூரியில் பொதுக் கவுன்சலிங் சீட் என்றால் கட்டணம் குறைவு, ஆயிரமும் உண்டு. சுயநிதிக் கல்லூரியில் கவுன்சலிங் சீட் என்றால் 25,000 கழியும், மீதிக் கட்டணமும் பஸ், விடுதிச் செலவும் குடும்பத்தின் தலையில். மேனேஜ்மென்ட் சீட் என்றால் மாதம் ஆயிரத்தைத் தவிர அநேகமாக எல்லாமே சொந்தப் பணம், அல்லது கடன். பெயர் பெற்ற கல்லூரி என்பதற்காக நான்காவது வழிக்குத் தாவும் முன், மற்ற மூன்றையும் கவுன்சலிங்கில் தீர்த்துவிட வேண்டும்.

கடன்

கல்விக் கடனில் 4 லட்சம் வரை அடமானமோ மார்ஜின் பணமோ (நாம் போட வேண்டிய பங்கு) வேண்டாம். 7.5 லட்சம் வரை அரசு உத்தரவாத நிதியின் கீழ் அடமானம் இல்லாமல் தரலாம், 4 லட்சத்துக்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் நம் பங்கு. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டு, 10 சதவீதச் சாதாரண வட்டி என்று எடுத்துக்கொண்டால், ஐந்தாம் ஆண்டு முடிவில் வட்டி மட்டும் 1,40,000. 5,40,000-க்குப் பத்தாண்டுத் தவணை மாதம் சுமார் 7,140. வட்டி மானியம் கிடைத்தால் அசல் 4 லட்சமே நிற்கும், தவணை சுமார் 5,290. இந்த வித்தியாசத்துக்கு வேண்டியது 4.5 லட்சத்துக்குள் வருமானச் சான்றும், நாக் அல்லது என்.பி.ஏ. என்ற தர மதிப்பீட்டு அமைப்புகளின் அங்கீகாரம் உள்ள கல்லூரியும். ஆகவே சேரும் முன்பே அங்கீகாரம் எதுவரை செல்லும் என்று கேளுங்கள். பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில் 8 லட்சம் வருமானம் வரை 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு, பட்டியலில் உள்ள தரமான கல்லூரிகளுக்கு மட்டும்.

இணைக் கடனாளியான அப்பா அல்லது அம்மாவின் சிபில், அதாவது பழைய கடன்களைக் கட்டிய வரலாறு, பார்க்கப்படும். மகளிர் குழுக் கடன், மைக்ரோ ஃபைனான்ஸ், பைக் தவணை ஏதாவது நிலுவையில் இருந்தால் முதலில் முடித்து, முடித்த கடிதத்தை வாங்கி வையுங்கள். மேனேஜரைப் பார்த்துப் பேசினாலும் விண்ணப்பம் வித்யாலட்சுமி தளத்தில் பதிவாகட்டும். பதிவு எண் இருந்தால், மறுக்கும் பேங்க் காரணத்தை அங்கே எழுதியாக வேண்டும். வாய்வழியாக "இந்த வருஷம் முடியாது" என்றால், அந்த எண்ணோடு மாவட்டத்தின் முன்னோடி வங்கி மேலாளரிடமோ, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலோ மனு கொடுங்கள். உதவித்தொகை வராவிட்டாலும் அதே திங்கட்கிழமைதான்: யு.எம்.ஐ.எஸ். எண், ஆதார் சீடிங் நிலையின் பிரிண்ட், ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரி ரசீது நான்கும் மனுவோடு இருக்கட்டும்.