ஆல்-இன் வந்ததும் சைடு பாட்டைப் பிரிப்பது எப்படி?

போக்கரில் உங்கள் முன்னால் இருக்கும் சிப்புக்கு மேல் உங்களால் தோற்க முடியாது. அதே அளவுக்கு மேல் எதிராளி ஒவ்வொருவரிடமிருந்தும் ஜெயிக்கவும் முடியாது. பந்தயத்தில் சேரும் சிப் குவியல்தான் பாட்; எல்லோரும் போட்டியிடும் மெயின் பாட்டுக்கு வெளியே தனியாக வைக்கும் சைடு பாட் பிறப்பது இந்த ஒரு விதியால்தான். 700 சிப்போடு ஆல்-இன் போனவர், அதாவது இருந்த சிப் முழுவதையும் வைத்தவர், 5,000 வைத்தவரிடமிருந்தும் 700தான் எடுக்கலாம். அதற்கு மேல் விழுந்ததெல்லாம் மற்றவர்களுக்குள் நடக்கும் தனிப் போட்டி.

நோ-லிமிட் ஹோல்டெமில் (ஆளுக்கு இரண்டு கார்டு, மேசையில் ஐந்து பொதுக் கார்டு) ஒரு கை, அதாவது ஒரு ஆட்டம். பிளைண்ட் (இருவர் கட்டாயமாகப் போடும் தொடக்கப் பந்தயம்) 100/200, மேசையில் ஐந்து பேர், டீலர் இடத்தைக் காட்டும் பட்டன் ரஹீமிடம். வேலு பந்தயத்தை உயர்த்தி 400க்கு ரெய்ஸ் செய்கிறார். செல்வி 700க்கு ஆல்-இன். ரஹீம் 1,800க்கு, பாலு 3,000க்கு, மேரி 5,000க்கு என்று வரிசையாக எல்லோரும் ஆல்-இன். வேலு ஃபோல்ட், அதாவது ஆட்டத்திலிருந்து விலகுகிறார்.

இப்போது அவசரப்பட்டு எல்லாச் சிப்பையும் நடுவில் குவித்துவிடாதீர்கள். குவித்துவிட்டால் யார் எவ்வளவு போட்டார் என்பது மறைந்துபோகும்; பிறகு நினைவை வைத்துத்தான் சண்டை. அவரவர் சிப் அவரவர் முன்னாலேயே இருக்கட்டும். முதலில் யாரும் ஈடுகொடுக்காத தொகையைத் திருப்பிக் கொடுங்கள். மேரிக்கு அடுத்தபடியாக அதிகம் போட்டவர் பாலு, 3,000. ஆக மேரியின் 2,000 அவரிடமே திரும்பிப் போகும். அது எந்தப் பாட்டிலும் சேராது.

அடுத்து, இருப்பதிலேயே சிறிய ஆல்-இன்னிலிருந்து தொடங்குங்கள். செல்வியின் 700ஐ எடுங்கள். மற்ற மூவரின் அடுக்கிலிருந்தும் சரியாக 700 எண்ணி நடுவுக்கு இழுங்கள். 700 × 4 = 2,800. ஃபோல்ட் செய்த வேலுவின் 400ஐயும் சேர்த்தால் மெயின் பாட் 3,200. அடுத்த சிறிய அடுக்கு ரஹீமுடையது, மீதி 1,100. மூன்று பேரிடமும் 1,100 எடுத்தால் முதல் சைடு பாட் 3,300. இதில் செல்விக்கு உரிமை இல்லை. பாலு, மேரி முன்னால் மிஞ்சியிருப்பது தலா 1,200. அது இரண்டாவது சைடு பாட், 2,400. சரிபார்த்துவிடுங்கள்: 3,200 + 3,300 + 2,400 + திரும்பிய 2,000 = 10,900. ஐந்து பேரும் போட்டதும் அதேதான். மூன்று பாட்டையும் ஒன்றோடொன்று உரசாமல் தள்ளித் தள்ளி வையுங்கள்.

ஃபோல்ட் செய்தவரின் பணம் முழுவதையும் மெயின் பாட்டில் கொட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. வேலு 1,000 போட்டுவிட்டு ஃபோல்ட் செய்திருந்தால், 700 மட்டும் மெயின் பாட்டுக்கு. மீதி 300 முதல் சைடு பாட்டுக்கு. இல்லையென்றால் செல்வி தனக்கு உரிமையில்லாத 300க்கும் ஆடுகிறார் என்றாகிவிடும்.

பிரித்தது கீழிருந்து மேலே. கொடுப்பது மேலிருந்து கீழே. கடைசி சைடு பாட்டை முதலில் முடியுங்கள். மெயின் பாட்டை முதலில் கொடுத்தால், கை முடிந்துவிட்டதென்று நினைத்து யாராவது தன் கார்டை வீசிவிடுவார். வீசிய கார்டோடு அவருக்கு வரவேண்டிய சைடு பாட்டும் போய்விடும்.

மேசையில் கிங், 9, 4, 9, 2 விழுந்தன. ஃபிளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து கார்டு) யாருக்கும் இல்லை. பாலுவிடம் இரண்டு குவீன், ரஹீம், மேரி இருவரிடமும் ஏஸ்-கிங், செல்வியிடம் இரண்டு 4. இரண்டாவது சைடு பாட்டில் பாலுவும் மேரியும் மட்டும்: கிங் ஜோடி ஜெயித்து 2,400 மேரிக்கு. முதல் சைடு பாட்டில் ரஹீமும் மேரியும் சமம், ஆளுக்கு 1,650. ஆனால் ஆட்டத்தில் சிறிய சிப் 100 என்றால் ஒரு சிப் மிஞ்சும். அது பட்டனுக்கு இடப்பக்கம் முதலில் வருபவருக்கு. பட்டன் ரஹீமிடம் இருப்பதால் மேரிக்கு 1,700, ரஹீமுக்கு 1,600. கடைசியாக மெயின் பாட்: செல்வியின் ஃபுல் ஹவுஸுக்கு (மூன்று 4, இரண்டு 9) 3,200. சமமாகும்போது பாட்டுகளை ஒன்றாகச் சேர்த்துப் பங்கிடவே கூடாது. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிய வேண்டும்.

ஒருவர் ஆல்-இன் ஆன பிறகும் மற்ற இருவரிடம் சிப் மீதமிருந்தால் பந்தயம் தொடரும்; போடுவதெல்லாம் சைடு பாட்டுக்கே. அங்கே ஃபோல்ட் செய்பவர் மெயின் பாட்டையும் சேர்த்தே இழக்கிறார். "ரெண்டு பேரும் செக் பண்ணிட்டே போவோம்" என்று, அதாவது பந்தயம் வைக்காமலே கடத்துவோம் என்று, வாய்விட்டுப் பேசுவது கூட்டுச் சதி, அனுமதிக்காதீர்கள். டோர்னமென்ட் என்றால், ஒருவர் ஆல்-இன் ஆகி மற்றவர்களின் பந்தயமும் முடிந்த உடனேயே எல்லோரும் கார்டைத் திறந்து வைக்க வேண்டும்.

பாட்டைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: யார் இன்னும் ரெய்ஸ் செய்யலாம் என்பது. ஃபிளாப்பில் (முதல் மூன்று பொதுக் கார்டு விழுந்ததும்) முதலாமவர் 1,000 பெட் செய்கிறார், அடுத்தவர் 1,400க்கு ஆல்-இன், மூன்றாமவர் அதே தொகையை ஈடுகொடுத்து 1,400க்கு கால். உயர்ந்தது 400தான், முழு ரெய்ஸ் என்றால் 1,000 உயர்ந்திருக்க வேண்டும். ஆகவே முதலாமவர் 400 சேர்த்து கால் செய்யலாம் அல்லது ஃபோல்ட் செய்யலாம், மறுபடி ரெய்ஸ் செய்ய முடியாது. அதுவரை ஆடாத மூன்றாமவருக்கு மட்டும் ரெய்ஸ் வாய்ப்பு திறந்தே இருந்தது.