மொத்த ஏற்றுமதிக்கு முன் நிரைகளை எண்ணுதல்

தரவுத்தளத்திலிருந்து இலட்சக்கணக்கான நிரைகளை மொத்தமாக வெளியே எடுக்கும்போது, எத்தனை நிரைகள் வர வேண்டும் என்பதை முன்கூட்டியே குறித்து வைக்காவிட்டால், கையில் கிடைத்த கோப்பு முழுமையானதா, பாதியில் அறுந்ததா என்று சொல்ல வழியிராது.

முதலில் பருமட்டான தொகை போதும். வட்டில் இடம் போதுமா, வேலையை இரவுக்குத் தள்ள வேண்டுமா என்பவற்றை அதுவே காட்டிவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் இத்தொகையை பிஜி_கிளாஸ் (pg_class) என்ற தன் உள் அட்டவணையின் ரெல்டியூப்பில்ஸ் (reltuples) நிரலில் வைத்திருக்கிறது. 14ஆம் பதிப்பு முதல் அங்கே -1 இருந்தால், அவ்வட்டவணை இன்னும் கணிக்கப்படவில்லை என்று பொருள். மற்றொரு தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லின் டேபிள்_ரோஸ் (TABLE_ROWS) எண்ணோ, இன்னோடிபி என்ற அதன் சேமிப்பு முறையிலுள்ள அட்டவணைகளில் 40 முதல் 50 சதவீதம் வரை பிசகலாம். ஆகவே இவற்றை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தலாகாது.

சரியான தொகைக்கு, ஏற்றுமதி வினவலின் நிபந்தனைகளையும் இணைப்புகளையும் ஓர் எழுத்தும் மாற்றாமல் கவுண்ட்(*) கொண்டு எண்ண வேண்டும். அடைப்புக்குள் நிரலின் பெயரை இட்டால், அந்நிரல் வெறுமையாக உள்ள நிரைகள் எண்ணிக்கையில் சேரா. திகதி நிபந்தனையில் இன்னும் கவனம் வேண்டும்: சேவையகம் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் பதிந்திருந்தால், கொழும்பில் ஜூலை 1ஆம் திகதி பிறப்பது அதன் கணக்கில் ஜூன் 30, மாலை 6.30 ஆகும். வெள்ளவத்தைக் கிளையின் ஜூலை மாத விற்பனையை எண்ணுபவர் இந்த ஐந்தரை மணி நேரத்தை மறந்தால், எண்ணிக்கையும் கோப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தியபடியே இரண்டும் பிழையாக இருக்கும். எண்ணிக்கை ஒப்பீட்டில் அகப்படாத பிழை இது.

எண்ணிய பின்னரும் புதிய பதிவுகள் வந்துகொண்டிருக்கும். போஸ்ட்கிரெஸில் ரிப்பீட்டபிள் ரீட் எனும் தனிமைப்படுத்தல் நிலையில் ஒரே பரிமாற்றத்தைத் (transaction) தொடங்கி, எண்ணுவதையும் தரவை வெளியே எழுதும் காப்பி கட்டளையையும் அதற்குள்ளேயே முடித்தால் இரண்டும் தரவின் ஒரே கணநேரக் காட்சியைக் காணும். இயல்பு நிலையான ரீட் கமிட்டெட்டில் ஒவ்வொரு கட்டளையும் புதிய காட்சியைப் பெறும் என்பதால் அவ்வுறுதி இல்லை.

கோப்பைச் சரிபார்க்கும்போது வரிகளை எண்ணித் திருப்தியடைவது ஆபத்தானது. எழுதுவினைஞர் ‘காலி வீதி’ என்று எழுதி, என்டரைத் தட்டி, ‘கொழும்பு 06’ என்று தொடர்ந்த முகவரி ஒரே நிரைதான். ஆனால் புலங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பில் அது இரண்டு வரிகளாகும். தலைப்பு வரியும் ஒன்றைக் கூட்டும். மேற்கோள் குறிகளை அறிந்த சிஎஸ்வி வாசிப்பான் ஒன்றைக் கொண்டே எண்ணுங்கள். எக்செல்லில் திறந்து பார்ப்பதும் உதவாது. அதன் தாளில் 10,48,576 நிரைகளுக்கு மேல் இடமில்லை.