தோட்டத்து வீட்டில் ஆட்டிசம் பிள்ளையை வளர்ப்பது: முதலில் கிணற்றை மூடுங்கள்

தெரபி, பள்ளிக்கூடம், சாப்பாடு எல்லாம் அப்புறம். தோட்டத்திலேயே குடியிருந்தால் முதல் செலவு கிணற்றுக்குத்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் கண் அசந்த நேரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், அதிலும் நிறையப் பேருக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை. சுற்றுச்சுவர் மட்டும் போதாது, ஏறிவிடுவான். மேலே இரும்பு வலை போட்டுப் பூட்டுங்கள். தண்ணீர்த் தொட்டி, பண்ணைக்குட்டை, வாய்க்கால் எதையும் விட்டுவிடாதீர்கள். நீச்சலும் பழக்குங்கள், ஆனால் நீச்சல் தெரிந்துவிட்டது என்று பூட்டைக் கழற்றக் கூடாது.

இந்தப் பிள்ளைகளுக்கு ராத்திரித் தூக்கம் பெரும்பாலும் சரியாக இருக்காது. மும்முனை கரண்ட் வந்தது என்று நடுராத்திரியில் மோட்டார் போடப் போகும் அப்பா கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போனால், பிள்ளை பின்னாலேயே வந்திருக்கும், தெரியாது. வெளியே தாழ்ப்பாள் போட்டு வீட்டுக்குள் இருப்பவர்களைப் பூட்டிவைப்பதும் ஆபத்து. போகிறவர் இன்னொருவரை எழுப்பிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும், கதவில் ஒரு மணியும் தொங்கட்டும். பூச்சிமருந்தைப் பூட்டுப் பெட்டியில் வையுங்கள். மிச்ச மருந்தைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை இன்றைக்கே நிறுத்துங்கள், கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் பிள்ளைக்கு அது எமன்.

சரி, இனி நல்ல பக்கம். "அடுத்து என்ன?" என்பது தெரியாமல்தான் பாதி அழுகை வருகிறது, ஆனால் மாடு இருக்கும் வீட்டில் பொழுது ஓர் ஒழுங்கில்தான் ஓடும்: சாணி அள்ளுவது, பால் கறப்பது, சொசைட்டிக்குப் போவது, தீவனம் வைப்பது. இதையே பிடித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்வதைவிடப் பொருளைக் காட்டுவது சீக்கிரம் புரியும். பால் கேனைக் கையில் கொடுத்தால் சொசைட்டிக்குப் போகிறோம், துண்டைக் காட்டினால் குளியல். தினமும் அதே பொருள், அதே வரிசை. எங்கள் பையனுக்குப் படம் ஒட்டிய அட்டையைவிட அந்த கேன்தான் எடுபட்டது.

வேலை பழக்கும்போது துண்டு துண்டாகப் பிரியுங்கள். "மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்றால் அது ஒரு வேலை இல்லை: வாளியை எடு, குழாயடியில் வை, திற, நிரம்பியதும் மூடு, தூக்கிக்கொண்டு போ. கடைசிப் படியை மட்டும் முதலில் அவன் செய்யட்டும், மீதியை நீங்கள் செய்யுங்கள். அது படிந்ததும் அதற்கு முந்தைய படியையும் அவனிடம் விடுங்கள். இப்படிப் பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு முறையும் வேலை முடிந்த திருப்தி அவனுக்குக் கிடைக்கும். கடலைக்காய் ஆய்வது, முட்டை பொறுக்குவது போன்ற, ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும் வேலைகள் பல பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகும். பிடிக்கவில்லையா, விட்டுவிடுங்கள், கூலி மிச்சம் பிடிக்க இது வழி இல்லை.

டிராக்டர், கதிரடிக்கும் மெஷின், நோம்பி வேட்டு என்று எது வந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள், காதை அடைக்கும் ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள், தாங்க முடியாதபோது ஒதுங்க ஒரு மூலை வேண்டும். "இவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று சொல்லும் பெரியவர்களோடு சண்டை போட்டுப் பயனில்லை, ஆனால் அதை நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை, அதாவது வளர்ச்சிக் குறைபாடுகளைச் சிறுவயதிலேயே கண்டறிந்து பயிற்சி தரும் இடத்தை, கேட்டுப் போங்கள். அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு, அதனால் யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள) அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும், தெரபிக்கும் ஒரு பங்கு உண்டு. நிலத்தைப் பிள்ளை பேரில் எழுதும் எண்ணம் இருந்தால் இன்னொன்று: 18 வயது முடிந்தபின் பெற்றோர் தானாகவே சட்டப்படியான காப்பாளர் (கார்டியன்) ஆகிவிட மாட்டார்கள். 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் சான்று வாங்க வேண்டும். பத்திரம் போடுவதற்கு முன்னால் அங்கே ஒரு நடை போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.