சாலிட் மாடலில் இருந்து கட்டிங்குக்கு டிஎக்ஸ்எஃப் எடுப்பது எப்படி? (ஃப்ரீகேட் 1.0)

பார்ட்டி அனுப்புவது ஸ்டெப் ஃபைல், அதாவது பொருளின் 3டி சாலிட் மாடல். பேட்டையில் தகடு வெட்டுகிற பிளாஸ்மா மெஷின் வைத்திருக்கிற அண்ணாச்சி கேட்பது டிஎக்ஸ்எஃப், அதாவது வெறும் கோடுகளால் ஆன 2டி படம். முதலாவதில் இருந்து இரண்டாவதை எடுக்கிற வேலைதான் இந்தப் பதிவு. ஐடிஐ முடித்துவிட்டு இப்போதுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கச்சிகளுக்காக எழுதுகிறேன். ஃப்ரீகேட் இலவசமான 3டி டிசைன் சாஃப்ட்வேர்; 2024 நவம்பரில் வெளியான 1.0 பதிப்பை வைத்துச் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு அம்பாசமுத்திரம் பக்கத்து ரைஸ் மில் ஒன்றுக்கான பேரிங் பிளேட். 150 × 120 மி.மீ., கனம் 20. நடுவில் 6205 பேரிங் உட்கார மேலே இருந்து 52 விட்டம், 15 ஆழம். அதற்குக் கீழே 35 விட்டத்தில் த்ரூ ஹோல். நாலு மூலையிலும் எம்10 போல்ட்டுக்கு 11 மி.மீ. ஓட்டை. மேல் விளிம்பு சுற்றிலும் 2 மி.மீ. சேம்ஃபர் (விளிம்பைச் சரிவாகச் சீவுவது).

படி 1: ஃபைலைத் திறப்பது

ஸ்டெப் ஃபைலாகவே கேட்டு வாங்குங்கள். எஸ்டிஎல் வேண்டாம்; அதில் எல்லாம் முக்கோணம், வட்டம்கூட சின்னச் சின்ன நேர்கோடுகளாகத்தான் வரும். வளைத்த ஷீட் மெட்டல் ஐட்டம் என்றால் முதலில் விரிக்க வேண்டும், அது தனிப் பாடம்.

படி 2: தரையில் படுக்க வைப்பது

பிளேட்டின் அடிப்பரப்பு இசட் 0-வில் இருக்க வேண்டும். அடி மூலையில் மவுஸை வைத்தால் கீழே ஸ்டேட்டஸ் பாரில் அளவு தெரியும். மாறியிருந்தால் 'பிளேஸ்மென்ட்' பகுதியில் திருப்பி, நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

படி 3: எந்த உயரத்தில் வெட்டுவது?

விஷயமே இங்கேதான் இருக்கிறது. புதுசாக வருகிறவர்கள் நேரே மேல் ஃபேஸைக் கிளிக் பண்ணி அவுட்லைனை எடுத்துவிடுவார்கள். "எண்ணே, லைன் வந்துட்டு" என்பார்கள். வரும்தான். ஆனால் சேம்ஃபர் இரண்டு பக்கமும் 2, 2 தின்றிருப்பதால் அந்த லைன் 146 × 116. அதை வைத்து வெட்டினால் பிளேட் ஸ்கிராப்.

அதனால் ஃபேஸைத் தொடாமல், குறுக்கே வெட்டி எடுங்கள். 'பார்ட்' வொர்க்பெஞ்சுக்கு (ஃப்ரீகேட்டில் ஒரு வகை வேலைக்கான கருவிகள் இருக்கும் பகுதி) போய், மாடலைத் தேர்ந்தெடுத்து, 'பார்ட்' மெனுவில் 'கிராஸ்-செக்ஷன்ஸ்' கொடுங்கள். தளம் எக்ஸ்ஒய். பொசிஷன் 2.5 என்று கொடுத்தால் 150 × 120 அவுட்லைன், 35 வட்டம், நாலு ஓட்டை கிடைக்கும். அதே இடத்தில் 12 கொடுத்துப் பாருங்கள்: 35 போய் 52 வந்திருக்கும். பிளாஸ்மாவுக்கு 2.5-ல் எடுத்ததுதான். 12-ல் எடுத்ததைக் கொடுத்தால் பேரிங் உட்கார அடியே இருக்காது, பொத்தென்று கீழே போய்விடும்.

52 சீட்டை (பேரிங் உட்காரும் குழி) விஎம்சியில் (கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மெஷின்) ஓட்டுவதாக இருந்தால் 2டி எடுக்கவே தேவையில்லை. 'கேம்' வொர்க்பெஞ்ச் (பழைய பதிப்புகளில் 'பாத்') சாலிடின் ஃபேஸை நேரடியாக எடுத்துக்கொள்ளும்.

படி 4: வேண்டாததைக் கழிப்பது

20 மி.மீ. கனத்தில் 11 மி.மீ. ஓட்டையைப் பிளாஸ்மாவில் போடச் சொல்லாதீர்கள். ஓட்டை விட்டம் தகட்டுக் கனத்துக்குக் குறையக் கூடாது என்பது பட்டறைக் கணக்கு; குறைந்தால் கூம்பாகத்தான் வரும். 'எக்ஸ்ப்ளோட் காம்பவுண்ட்' கொடுத்துக் கோடுகளைப் பிரித்து, அவுட்லைனையும் 35 வட்டத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போல்ட் ஓட்டைகளை டிரில்லில் பார்த்துக்கொள்ளலாம்.

பக்கங்களை மில்லிங் பண்ணுவதாக இருந்தால் '2டி ஆஃப்செட்' கொடுத்து அவுட்லைனை வெளியே 3 மி.மீ. தள்ளுங்கள்.

படி 5: எக்ஸ்போர்ட், பிறகு அளவு

தேவையான கோடுகளைத் தேர்ந்தெடுத்து 'ஃபைல்' மெனுவில் எக்ஸ்போர்ட், டிஎக்ஸ்எஃப். சேமித்ததும் அனுப்பிவிடாமல், அதே ஃபைலைப் புதிதாகத் திறந்து நீளத்தை அளந்து பாருங்கள். ஆஃப்செட் கொடுக்காதபோது 150 வர வேண்டும். 146 என்றால் மேல் ஃபேஸ் வந்திருக்கிறது. 5.906 அல்லது 3810 என்றால் இன்ச், மி.மீ. குழப்பம். ஒரே கோடு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் டார்ச் ஒரே இடத்தில் இரண்டு தடவை ஓடும்.

அண்ணாச்சிக்கு ஃபைலோடு இதையும் எழுதி அனுப்புங்கள்: "எம்எஸ் 20 மி.மீ., 2 பீஸ், அளவு மி.மீ.-ல், கெர்ஃப் சேர்க்கவில்லை." கெர்ஃப் என்பது வெட்டும்போது டார்ச் தின்னும் அகலம்; அதை அவர் மெஷினில் போட்டுக்கொள்வார், நீங்களும் சேர்த்தால் இரண்டு தடவை கழிந்துவிடும்.