போர்ட்டோ ரிக்கோவின் சோஃப்ரிட்டோ: தண்ணீர் விடாமல் அரைப்பது

போர்ட்டோ ரிக்கோ சமையலில் பீன்ஸ் குழம்பானாலும் துவரைச் சோறானாலும் எண்ணெய் காய்ந்ததும் சட்டியில் முதலில் விழுவது சோஃப்ரிட்டோ. ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு 'லேசாக வதக்கியது' என்று பொருள். ஆனால் அந்தத் தீவில் வதக்குமுன் உள்ள பச்சை விழுதையே அப்படி அழைக்கிறார்கள். தக்காளி சேராத வகையை இங்கே பார்ப்போம்.

சுமார் மூன்று கப் விழுதுக்கு: நடுத்தர வெங்காயம் 2, பூண்டு 12 பல், குபனேல் மிளகாய் 2, அஹி துல்சே மிளகாய் 12, ரெக்காவ் இலை 20, இளந்தண்டோடு கொத்தமல்லி ஒரு பெரிய கட்டு. உப்பு வேண்டாம். பின்னால் சோற்றில் ஆலிவ் காயும் பன்றி இறைச்சியும் சேரும்போது கரித்துவிடும்.

ரெக்காவ் என்பது ஓரத்தில் ரம்பப் பல் கொண்ட நீள இலை. வாசனை கொத்தமல்லி போலத்தான், ஆனால் பல மடங்கு தூக்கல், கொதியிலும் நிற்கும். அது கிடைக்காவிட்டால் கொத்தமல்லியை இரட்டிப்பாக்கலாம், மணம் சற்று மங்கும். குபனேல் காரமில்லாத, தோல் மெலிந்த வெளிர்பச்சை மிளகாய். அதற்குப் பதில் ஒரே ஒரு பச்சைக் குடைமிளகாய் போதும், கூடினால் கசக்கும்.

அஹி துல்சேயில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பார்வைக்கு அசல் ஸ்காட்ச் பானெட் மிளகாய். இரண்டும் ஒரே இனம். அஹி துல்சேயில் காரம் இல்லை என்றே சொல்லலாம், ஸ்காட்ச் பானெட்டோ நாக்கைப் பொசுக்கிவிடும். கடையில் கலந்து கிடந்தால் ஒன்றைக் கீறி நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். விதை, காம்பு நீக்கியே அரைக்க வேண்டும்.

கீரை வகையைக் கழுவித் துணியில் ஈரம் போக உலர்த்துங்கள். மிக்ஸியில் முதலில் வெங்காயமும் மிளகாய்களும். அவை விடும் நீரே போதும். அடுத்து பூண்டு. இலைகள் கடைசியில், விட்டு விட்டு நான்கைந்து சுற்று. கொரகொரப்பாக, தேங்காய்ச் சட்னியைவிடச் சற்றுத் தடிப்பாக இருக்கட்டும். நைஸாக ஓடவிட்டால் ஜார் சூடேறி இலை பழுப்பாகும், நுரை கட்டும். ஆலிவ் எண்ணெயை மிக்ஸியில் ஊற்றாதீர்கள், வேகத்தில் அடிபட்டால் கசப்பு இறங்கும்.

குளிர்பெட்டியில் நான்கு நாள் தாங்கும். மீதியை ஐஸ் டிரேயில் உறையவைத்து, கட்டிகளைப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். ஒரு கட்டி இரண்டு மேசைக்கரண்டி வருமாறு டிரேயைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு எளிது. பச்சைப் பூண்டு இருப்பதால், மேலே எண்ணெய் ஊற்றி வெளியே வைக்கும் வழக்கம் கூடவே கூடாது. காற்றுப்படாத எண்ணெய்க்கடியில் பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சு உருவாகலாம்.

இரண்டு கப் அரிசிக்கு இரண்டு கட்டி. அச்சியோத்தே (அன்னாட்டோ) விதை போட்டுக் காய்ச்சிய சிவப்பெண்ணெயில் மிதமான தீயில் ஐந்தாறு நிமிடம் வதக்குங்கள். முதலில் நீர் சுண்டும், பிறகு சலசலப்பு அடங்கி எண்ணெய் ஓரத்தில் பிரியும். அதற்குமுன் அரிசியைக் கொட்டினால் பச்சை வெங்காய நெடி கடைசிவரை போகாது. தீ அதிகமானால் பூண்டு கருகும். கருகிவிட்டால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மேல்.