வாழைத்தாருக்குக் காம்பு வழியாக ஊட்டம் கொடுப்பது எப்படி?

வாழைக்குக் கொடுக்கும் சத்து முழுவதும் வேர் வழியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை. பூவை ஒடித்த பின் தாரின் நுனியில் எஞ்சி நிற்கும் காம்பும் சத்துக் கரைசலை உறிஞ்சிக் காய்களுக்குக் கடத்தும். சாணத்துடன் யூரியாவையும் பொட்டாசியம் சல்பேட்டையும் கலந்து அந்த நுனியில் பையாகக் கட்டிவிடும் முறையைப் பெங்களூருவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைத்துள்ளது. காய் திரண்டு எடை கூடுவதும், பழத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), கந்தகம் ஆகியவை சேர்வதும் இதன் நோக்கம்.

தொடங்கும் முன் ஒன்று: இது மண்ணில் இடும் உரத்துக்கு மாற்று அன்று. நேந்திரன் நீங்கலாகத் தோட்டக்கால் வாழைக்கு, மரம் ஒன்றுக்குத் தழைச்சத்து 110 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 35 கிராம், சாம்பல்சத்து 330 கிராம் இட வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. காம்பு வழியாகப் போவதோ தழைச்சத்து சுமார் மூன்றரை கிராம், சாம்பல்சத்து அதைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். பை கட்டுகிறோமே என்று பொட்டாஷ் மூட்டையைக் குறைப்பவருக்கு நட்டமே மிஞ்சும்.

படி 1: பூ ஒடித்தல்

கடைசிச் சீப்பு விரிந்து, அதற்குக் கீழே ஆண்பூக்கள் மட்டுமே வரத் தொடங்கியதும் பூவை ஒடித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் காய்க்குப் போக வேண்டிய சத்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்ளும். கடைசிச் சீப்புக்குக் கீழே பை கட்டுவதற்குச் சுமார் 15 செ.மீ. காம்பு இருக்கட்டும். ஒடித்த பூவுக்குச் சந்தையில் விலை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 2: கலவை தயாரித்தல்

ஒரு தாருக்குப் புதிய பசுஞ்சாணம் 500 கிராம், யூரியா 7.5 கிராம், பொட்டாசியம் சல்பேட் 7.5 கிராம், தண்ணீர் 100 மி.லி. தேவை. இவ்வளவு சிறிய அளவை மரத்துக்கு மரம் நிறுத்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே 20 தாருக்குச் சேர்த்து, யூரியா, பொட்டாசியம் சல்பேட் ஒவ்வொன்றிலும் 150 கிராம், தண்ணீர் 2 லிட்டர், சாணம் 10 கிலோ என்று ஒரே வாளியில் கலப்பது எளிது.

முதலில் பொட்டாசியம் சல்பேட்டைத் தண்ணீரில் போட்டு, அடியில் தூள் தங்காதபடி நன்றாகக் கலக்குங்கள். இது மெதுவாகக் கரையும். அதன் பிறகே யூரியா. யூரியா கரையும்போது வாளியைத் தொட்டாலே தெரியும் அளவுக்குத் தண்ணீர் குளிர்ந்துவிடுவதால், அதை முதலில் போட்டால் மற்றது கரைவது இன்னும் தாமதமாகும். இரண்டும் கரைந்த பின் சாணத்தைச் சேர்த்துக் குழைத்துக்கொள்ளலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று சிவப்புப் பொட்டாஷை (பொட்டாசியம் குளோரைடு) போட வேண்டாம். அதில் இருப்பது குளோரைடு, கந்தகம் கிடைக்காது.

படி 3: பை கட்டுதல்

முன்பே ஒடித்த காம்பாக இருந்தால் வெட்டுவாய் பால் உறைந்து கறுத்திருக்கும். அதன் மேல் கட்டினால் உறிஞ்சாது. கட்டுவதற்குச் சற்று முன் நுனியைச் சுத்தமான கத்தியால் சாய்வாகச் சீவி, கலவை உள்ள பாலித்தீன் பைக்குள் வெட்டுவாய் முழுவதும் அமிழும்படி இறக்கி, பையின் வாயைச் சணலால் இறுகக் கட்டுங்கள். ஒருமுறை கட்டினால் போதும். தார் வெட்டும்போது காய்ந்த பையையும் கழற்றி எடுத்துவிடுங்கள், தோட்டத்தில் உதிர விட வேண்டாம்.

வரவு செலவு

ஆயிரம் தாருக்கு யூரியா ஏழரை கிலோ. 45 கிலோ மூட்டை ரூ.266.50 என்ற கட்டுப்பாட்டு விலையில் இது 45 ரூபாயைத் தாண்டாது. பொட்டாசியம் சல்பேட்டின் விலை இதைவிடப் பல மடங்கு என்றாலும், அதுவும் ஏழரை கிலோவே. பெரிய செலவு கூலிதான். உயரமான ரகங்களில் ஏணி வைத்துக் கட்ட வேண்டியிருப்பதால் அது இன்னும் ஏறும். குட்டையான கிராண்ட் நைனில் பூ ஒடிக்கும் ஆளே பையையும் கட்டிவிடலாம்.

விற்கும் விதத்தையும் பாருங்கள். எடைக்கு விற்பவருக்குக் கூடும் ஒவ்வொரு கிலோவும் காசு. தார்க் கணக்கில் ஏலம் போகும் பூவன், ரஸ்தாளி போன்றவற்றில், கூடிய எடை தாரை அடுத்த தரத்துக்கு உயர்த்தினால்தான் விலை மாறும். ஆகவே முதல் பருவத்தில் தோட்டம் முழுவதும் கட்டாமல், ஒரே வாரத்தில் பூத்த, சீப்பு எண்ணிக்கை ஒத்த தார்களில் பாதிக்குக் கட்டி, அவற்றுக்கு வண்ணக் கயிறு அடையாளமிட்டு, வெட்டும் நாளில் இரு பகுதியையும் தனித்தனியே எடை போட்டு விற்றுப் பாருங்கள். கூலி போக மிஞ்சும் தொகையைக் கொண்டு அடுத்த பருவத்துக்கு எத்தனை தாருக்குக் கட்டுவது என்று தீர்மானிக்கலாம்.