ஒரு வீடு போதாது: நாட்டு விதையை எடுப்பது, வைப்பது, பகிர்வது

சில வருடங்களுக்கு முன் எங்கள் மாடியில் முள்ளுக் கத்திரி, பச்சை வரிக் கத்திரி, வெள்ளைக் கத்திரி மூன்றையும் அடுத்தடுத்த பைகளில் வைத்திருந்தேன். மூன்றிலும் காயைப் பழுக்கவிட்டு விதை எடுத்து, பொட்டலம் கட்டிப் பெயர் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். அடுத்த ஆடியில் 'வெள்ளை' என்று எழுதிய விதையைப் போட்டால், ஆறு செடியில் இரண்டு ஊதாக் காய் காய்த்தது. வாங்கிப்போன தோழி வீட்டிலும் அதே கதை. கத்திரி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் செடிதான். ஆனால் வண்டும் தேனீயும் நிறைய வருகிற மாடியில் கலப்பு நடக்கத்தான் செய்யும்.

அன்று புரிந்தது, ஒரு மாடியில் ஒரு பயிருக்கு ஒரு ரகத்தைத்தான் நம்பிக்கையோடு காப்பாற்ற முடியும். ஐந்து ரகம் வேண்டுமென்றால் ஐந்து வீடு வேண்டும். இந்தப் பதிவில் உள்ள எல்லாப் படிகளும் அதை வைத்துத்தான்.

படி 1: கூட்டாளிகளைப் பிடியுங்கள்

விதைக்கும் முன்பே இதைச் செய்யுங்கள். தெருவில், அடுக்ககத்தில், சொந்தத்தில் என்று தோட்டம் போடுகிற நான்கைந்து பேர் போதும். வெண்டையில் ஒருவர் சிவப்பு, ஒருவர் யானைத்தந்த வெண்டை. சுரையில் ஒருவர் கும்பச் சுரை, ஒருவர் நீட்டுச் சுரை. சாப்பிட நீங்கள் எத்தனை ரகம் வேண்டுமானாலும் வளர்க்கலாம், விதைக்கு மட்டும் உங்கள் பங்குக்கு வந்த ரகம். இரண்டு வீடும் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தால் படி 3 கட்டாயம் தேவைப்படும்.

பலர் பயப்படுகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாகலுக்குப் பக்கத்தில் வைத்தால் புடலை கசக்கும் என்பது உண்மையில்லை. பாகல், புடலை, சுரை எல்லாம் வேறு வேறு இனம், ஒன்றோடொன்று கலக்காது. பீர்க்கும் நுரைப்பீர்க்கும்தான் கலக்கும், அவற்றைச் சேர்த்து வைக்காதீர்கள்.

படி 2: விதைக்கு விடும் செடியை முதலிலேயே குறியுங்கள்

பாக்கெட்டில் எஃப்1 அல்லது வீரிய ஒட்டு (இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கிய விதை) என்று போட்டிருந்தால் அதில் விதை எடுக்க வேண்டாம். முளைக்கும், காய்க்கும், ஆனால் தாய்ச் செடி மாதிரியே வராது. நாட்டு ரகமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

எல்லாரும் செய்கிற தவறு, நல்ல காயையெல்லாம் குழம்பில் போட்டுவிட்டு, கடைசியில் மிஞ்சிய சூம்பல் காயை விதைக்கு விடுவது. செடி திடமாக இருக்கும்போதே, இரண்டாவது மூன்றாவது காய்ப்பில் வரும் நல்ல காயில் ஒரு சிவப்பு நூலைக் கட்டுங்கள். வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவையுங்கள், இல்லையென்றால் சாம்பாருக்குப் போய்விடும். இலை சுருண்டது, தேமல் விழுந்தது எதிலும் விதை எடுக்காதீர்கள், சில நோய்கள் விதை வழியாகவே போகும். ஒரே செடியில் எடுப்பதையும் தவிருங்கள். இடம் இருந்தால் ஐந்தாறு செடிகளில் எடுத்துக் கலந்து வையுங்கள்.

படி 3: கலப்பைத் தடுப்பது

தக்காளி, அவரை, தட்டைப்பயறு ஆகியவற்றில் புதிதாகத் தொடங்குபவர் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வெண்டைக்கும் எளிய வழி உண்டு. நாளைக் காலை விரியப்போகிற மொட்டு இன்று மாலையே பருத்து, மஞ்சள் எட்டிப் பார்க்கும். விசேஷ வீடுகளில் தரும் சின்ன வலைப் பையை அதன்மேல் மாட்டிக் கட்டிவிடுங்கள். தன் மகரந்தத்திலேயே காய் பிடித்துக்கொள்ளும். பூ உதிர்ந்ததும் பையைக் கழற்றி, காம்பில் நூல் கட்டுங்கள்.

சுரைக்குத்தான் கை வேலை. சுரைப் பூ சாயங்காலம் விரியும். மதியமே கொடியைப் பாருங்கள். அன்று விரியப்போகிற மொட்டின் நுனி பச்சை போய் வெள்ளையாகியிருக்கும். அடியில் ரோமத்தோடு குட்டிப் பிஞ்சு இருந்தால் பெண் பூ, வெறும் நீளக் காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. ஒரு பெண் மொட்டு, இரண்டு ஆண் மொட்டுகளின் நுனியை நூலால் மெல்லச் சுற்றிக் கட்டுங்கள், வேறொரு கொடியின் ஆண் பூ கிடைத்தால் இன்னும் நல்லது. இருட்டும் நேரத்தில் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் ஒற்றி எடுங்கள். உடனே பெண் பூவைத் திரும்பக் கட்டிவிடுங்கள். நான்கைந்து நாளில் பிஞ்சு பருத்தால் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். மஞ்சளாகிச் சுருங்கினால் அடுத்த பூவில் செய்யுங்கள். நான்கு பூவில் செய்தால் ஒன்றாவது நிற்கும். ஒரு சுரைக்காய் போதும், தெருவுக்கே விதை கொடுக்கலாம்.

படி 4: விதையை எடுப்பது

அவரை, வெண்டை, பீர்க்கு எல்லாம் செடியிலேயே நெற்றாகக் காய வேண்டும். ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வரும். சுரையும் அப்படித்தான், ஓடு கெட்டியாகிற வரை கொடியிலேயே விடுங்கள்.

கத்திரியை மஞ்சளோ பழுப்போ ஆகிற வரை விட்டு, பறித்துச் சில நாள் வைத்துத் தொளதொளவென்று ஆனதும் தண்ணீரில் பிசையுங்கள். அடியில் தங்குவதுதான் விதை, மிதப்பதைக் கொட்டிவிடுங்கள்.

தக்காளி விதையைச் சுற்றி வழவழப்பான உறை ஒன்று இருக்கும், அது முளைப்பைத் தடுக்கும். கனிந்த பழத்தை ஒரு டம்ளரில் பிழிந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, துணியால் மூடி வையுங்கள். நம் வெயிலுக்கு இரண்டு நாள் போதும். மேலே வெள்ளை ஆடை படிந்து புளித்த வாடை வரும்போது கழுவி எடுங்கள். அதற்கு மேல் விட்டால் டம்ளரிலேயே முளை கட்டிவிடும். காகிதத்தில் காயவைத்தால் ஒட்டிக்கொள்ளும், பீங்கான் தட்டு நல்லது.

படி 5: காயவைத்துப் பத்திரப்படுத்துவது

காலை இளவெயிலில் இரண்டு மணி நேரம், மற்ற நேரம் நிழல். உச்சி வெயிலில், தகரத்தின்மேல், வெந்த சிமெண்ட் தரையில் வேண்டாம், கரு செத்துவிடும். சுரை, பூசணி விதையை விரலால் மடக்கிப் பாருங்கள். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, பட்டென்று ஒடிந்தால் சரி.

ஊரில் எங்கள் ஆத்தா சுரை விதையைச் சாணியில் வைத்துச் சுவரில் வரட்டி மாதிரி தட்டிவிடுவார். ஆடியில் சுவரிலிருந்து பெயர்த்து அப்படியே குழியில் போடுவார். அடுக்ககச் சுவரில் அது முடியாது. சலித்த விறகுச் சாம்பலில் புரட்டி, காற்றுப் புகாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வையுங்கள். துணியில் முடிந்த வறுத்த அரிசி கொஞ்சம் உள்ளே போட்டால் மீதி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். பாட்டில் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள், இல்லையென்றால் விதைமேல் வியர்க்கும். வெங்காய விதையை ஒரு வருடத்துக்கு மேல் நம்ப வேண்டாம்.

படி 6: கொடுப்பதற்கு முன் சோதியுங்கள்

பத்து விதையை ஈரத் துணியில் சுருட்டி ஒரு வாரம் வையுங்கள், மிளகாய் என்றால் இரண்டு வாரம். எட்டு முளைத்தால் தாராளமாகக் கொடுங்கள். ஐந்துதான் என்றால் அதைச் சொல்லி, கூடுதலாகக் கொடுங்கள். ஒருவர் மண்ணும் விதைக்கும் பருவமும் வீணாகக்கூடாது.

படி 7: பகிர்வது

பொட்டலத்தில் பெயர் மட்டும் எழுதினால் போதாது. ரகம், முதலில் எந்த ஊரிலிருந்து வந்தது, எடுத்த மாதமும் வருடமும், பந்தல் வேண்டுமா, எதற்கு ருசி, கலப்பு தடுக்கப்பட்டதா இல்லையா, எல்லாம் எழுதுங்கள். 'பக்கத்தில் வேறு ரகமும் இருந்தது' என்று எழுதுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. தபாலில் அனுப்பினால், பொட்டலத்தை அட்டைக்கு நடுவே வைத்து ஒட்டுங்கள், இல்லையென்றால் நசுங்கும். வெளிநாட்டிலுள்ள சொந்தங்களுக்குச் சாதாரணக் கவரில் போட்டு அனுப்பாதீர்கள், பெரும்பாலான நாடுகளில் தாவர நலச் சான்று கேட்பார்கள்.

நாட்டு விதையைக் கொடுத்து வாங்குவது சட்டப்படி சரியா என்று கேட்கிறார்கள். 2001 ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாற, பகிர உழவருக்கு உரிமை தருகிறது. அந்தச் சட்டப்படி பதிவாகிப் பாதுகாக்கப்பட்ட ரகத்தை வணிகப் பெயரிட்டு விற்பதற்குத்தான் தடை.

திருப்பிக் கொடுப்பதற்கு நாங்கள், பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்துப் பரப்பிய நெல் ஜெயராமன் ஐயாவின் வழக்கத்தைப் பின்பற்றுகிறோம். திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழாக்களில் 2 கிலோ பாரம்பரிய விதைநெல் வாங்கிப்போனவர், அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அப்படித்தான் அந்த ரகங்கள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. எங்கள் குழுவில் பத்து வெண்டை விதை வாங்கினால் இருபது திரும்ப வரும். ஒரே ரகத்தை இரண்டு மூன்று வீட்டில் வளர்த்திருந்தால், வந்த விதையையெல்லாம் ஒன்றாகக் கலந்துதான் அடுத்த முறை பிரிக்கிறோம். ஒவ்வொரு மாடியிலும் இரண்டு மூன்று செடிகள்தான் நிற்கும், கலந்தால்தான் ரகத்தின் வீரியம் குறையாது.

வெள்ளைக் கத்திரி இப்போது என் பங்கில் இல்லை. தோழி வீட்டு மாடியில் அது மட்டும் தனியாக நிற்கிறது. இந்த ஆடிக்கு முப்பது விதை தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.